90 சதவீதம் என்றால் எதில் 90?

அனல்மின் நிலையப் புகையிலுள்ள கரியமில வாயுவைக் கரைசலில் பிடித்துவிடலாம் என்று செய்தி வந்தால் போதும், இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. ‘இனி நிலக்கரியால் கவலை இல்லை’ என்கிறது ஒன்று. ‘எல்லாம் ஏமாற்று’ என்கிறது மற்றொன்று. சோதனைகளில் நடந்தவற்றைப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை.

நம்பிக்கை: புகைபோக்கியில் வடிகட்டி மாட்டுகிற வேலைதான் இது.

உண்மை: நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரசாயன ஆலையைக் கட்டுகிற வேலை. புகையைச் சுமார் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, உயரமான கோபுரத்தில் கீழிருந்து மேலே விடுகிறார்கள். மேலிருந்து வழியும், அமீன் என்ற ரசாயனம் கலந்த கரைசலோடு கரியமில வாயு சேர்ந்துகொள்கிறது. இரண்டாவது கோபுரத்தில் கரைசலை 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு பிரியும். கரைசல் மறுபடி முதல் கோபுரத்துக்குப் போகும். சூடாக்கத் தேவையான நீராவியைப் பெரும்பாலும் டர்பைனிடமிருந்துதான் பறிக்க வேண்டும். மோனோஎத்தனாலமீன் என்ற பழைய கரைசலுக்கு, வாயு டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.5 ஜிகாஜூல் வெப்பம் வேண்டும். புதுக் கரைசல்களைத் தேடி அலைவதே முக்கியமாக இதைக் குறைக்கத்தான்.

நம்பிக்கை: இது புத்தம் புதிய தொழில்நுட்பம்; கரைசல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உண்மை: அமெரிக்கரான பாட்டம்ஸ் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1930இல். இயற்கை எரிவாயுவைச் சுத்தப்படுத்தப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. ஆனால் நிலக்கரிப் புகையில் ஆக்சிஜன் உண்டு, கந்தக டை ஆக்சைடு உண்டு, நுண்சாம்பலும் உண்டு. நிறமில்லாமல் உள்ளே போன கரைசல் நாளடைவில் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு மாறுகிறது. உப்புகள் சேர்கின்றன, நுரை கட்டுகிறது, குழாய்கள் அரிக்கப்படுகின்றன. கோபுர உச்சியிலிருந்து அமீன் கொஞ்சம் காற்றோடு தப்பிப் போகிறது. அதிலிருந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமீன்கள் உருவாகலாம். நார்வேயின் மாங்ஸ்டாட் சோதனை மையத்தில் மாதக்கணக்கில் கரைசலை ஓட்டிப் பார்ப்பது இதற்காகவும்தான். ஒரு வார ஓட்டத்தில் இவை எதுவும் முழுதாகத் தெரியாது.

கனடாவின் பவுண்டரி டாம் நிலையம் இதை நேரில் அனுபவித்தது. 2014 அக்டோபரில் அங்கே தொடங்கிய பிடிப்பு ஆலையின் இலக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டன். முதல் 10 லட்சம் டன்னைத் தொட 2016 ஜூலை ஆகிவிட்டது. சாம்பல் அடைப்பும் கரைசல் கெடுவதும் பெரிய தலைவலிகளாக இருந்தன.

நம்பிக்கை: 90 சதவீதம் பிடித்தால் நிலையமே 90 சதவீதம் சுத்தம்.

உண்மை: டெக்சாஸின் பெட்ரா நோவா திட்டம் 2017இல் இயங்கத் தொடங்கி, உள்ளே வந்த புகையிலிருந்த கரியமில வாயுவில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துக் காட்டியது. அது சாதனைதான். ஆனால் உள்ளே வந்தது 240 மெகாவாட் அளவுக்கான புகை மட்டும். புகையைத் தந்த அனல்மின் யூனிட்டின் திறனோ 600 மெகாவாட்டுக்கு மேல். ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் தந்த தனி எரிவாயு டர்பைனின் புகையை யாரும் பிடிக்கவில்லை.

நம்பிக்கை: பெட்ரா நோவா 2020இல் மூடப்பட்டதே தோல்விக்குச் சாட்சி.

உண்மை: பிடித்த வாயு எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயை வெளிக்கொணரப் போனது. எண்ணெய் விலை சரிந்தது, கணக்கு கட்டுப்படியாகவில்லை. 2023இல் மறுபடி இயங்கியது. தோற்றது வருமான ஏற்பாடு, கரைசல் அல்ல.

நம்பிக்கை: பிடித்தாலே வேலை முடிந்தது.

உண்மை: தூத்துக்குடியில் 2016இல், ஒரு ரசாயன ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பு வந்தது. அந்த வாயு சோடா ஆஷ் ஆகிறது. அதே சோடா ஆஷ் கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியேறும். அளவும் ஒரு கேள்விதான். விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்டிபிசி 2022இல் நிறுவிய அமைப்பின் திறன் நாளுக்கு 20 டன். 500 மெகாவாட் நிலக்கரி யூனிட் முழுத் திறனில் ஓடினால் ஒரே நாளில் சுமார் 10,000 டன் வெளிவிடும்.

இந்தச் சோதனைகளை நிறுத்தச் சொல்லவில்லை, நடக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு கரைசல் கெட்டது, எவ்வளவு அமீன் காற்றில் போனது என்ற கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். நிலையத்தை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்கள் கேட்க உரிமையுள்ள கணக்கு இது. கேளுங்கள்.