ஸ்பானிஷ் இலக்கணம்: எங்கே ஓடலாம், எங்கே நிற்க வேண்டும்

வேலைக்காக ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதிய புத்தகம்தான். அது பயமுறுத்தும் இடங்களிலெல்லாம் தமிழ் தெரிந்தவர் பயப்பட வேண்டியதில்லை.

வினை விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ பேசுகிறாய், ‘ஆப்லாமோஸ்’ பேசுகிறோம். யார் பேசுவது என்று விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலப் பழக்கம் உள்ளவரோ வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ’ (நான்) போட்டுத் தள்ளுவார். ‘மே கூஸ்தா எல் கஃபே’யும் அவரை இடறிவிடும். நமக்கு அது ‘எனக்குக் காபி பிடிக்கும்’, அவ்வளவுதான். தலைவலிக்கும் இதே அமைப்பு. இந்தப் பாடங்களை வேகமாகத் தாண்டுங்கள்.

மிச்சமாகும் நேரத்தைப் பெயர்ச்சொல்லின் பாலுக்குக் கொடுங்கள். மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். காரணம் கேட்டுப் பயனில்லை. ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் கை (‘லா மானோ’) பெண்பால், பிரச்சினை (‘எல் ப்ரோப்லேமா’) ஆண்பால். எனவே எந்தச் சொல்லையும் முன்னால் வரும் எல், லாவோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பில் தொகை கட்டியாயிற்று என்று மெயில் போடும்போது ‘லா ஃபக்தூரா எஸ்தா பகாதா’ என்பதே சரி. ‘பகாதோ’ என்று எழுதினாலும் புரியும். புதியவர் என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது ‘இரு’ என்பதற்கு உள்ள இரண்டு வினைகள்: செர், எஸ்தார். ‘நிரந்தரத்துக்கு செர், தற்காலிகத்துக்கு எஸ்தார்’ என்ற சூத்திரத்தை நம்பாதீர்கள். இறந்துபோனவருக்கும் எஸ்தார்தான்! மேலாளரைப் பற்றி ‘எஸ்தா அபுர்ரீதோ’ என்றால் அவருக்கு போரடிக்கிறது. ‘எஸ் அபுர்ரீதோ’ என்றால் ஆளே போர். கோப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு எஸ்தார். மீட்டிங் எங்கே நடக்கிறது என்பதற்கு செர்.

வாடிக்கையாளர்கள் லத்தீன் அமெரிக்கர்கள் என்றால் ‘வொசோத்ரோஸ்’ (பலரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’) வினை வரிசையை இப்போதைக்கு விட்டுவிடலாம்; அது ஸ்பெயினின் வழக்கம். சான்றிதழ் வேண்டுமென்றால் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் டெலே தேர்வு இருக்கிறது: ஏ1 முதல் சி2 வரை 6 நிலைகள், சான்றிதழ் காலாவதி ஆகாது.

அலுவலகக் கடிதத்தில் ‘தூ’ (நீ) வேண்டாம், ‘உஸ்தெத்’ (நீங்கள்) போடுங்கள். அதற்கு ‘அவர்’ என்பதற்குரிய வினைதான் வரும்: ‘உஸ்தெத் ஆப்லா’. எதிராளி ‘தூ’வுக்கு மாறிய பிறகு நீங்களும் மாறலாம்.