உடைந்த முகம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பசை ஒட்டுச் சோதனை அறிக்கையைப் படித்தேன். ஒவ்வொரு மாதிரிக்கும் எத்தனை மெகாபாஸ்கல் என்று அட்டவணை போட்டிருக்கிறாய். உடைந்த துண்டுகள் எங்கே? ஒரு படம்கூட இல்லை. குப்பையில் போட்டிருந்தால் முதலில் போய்ப் பொறுக்கி எடு.

பசை முழுவதும் ஒரு துண்டோடு போய், எதிர்த்துண்டு மழமழவென்று வெறுமையாக இருந்தால் அங்கே ஒட்டு விழவே இல்லை. எண் எவ்வளவு பெரிதாக வந்திருந்தாலும் அதை நம்பாதே. ஈரமும் சூடும் பட்டால் முதலில் விடுவது அந்த எல்லைதான். பசை இரண்டு பக்கமும் தங்கி நடுவில் கிழிந்திருந்தால் நிம்மதி. இழைகளே பிய்ந்து வந்திருந்தால், இழையும் பிசினும் அடுக்கிய லேமினேட்டைவிடப் பசை வலுவாக இருந்திருக்கிறது. அதற்காக உடனே கைதட்டிவிடாதே. வடிவத்தில் தப்பு இருந்தாலும் இழை பிய்யும்.

உன் மெகாபாஸ்கல் என்பது விசையைப் பரப்பால் வகுத்த சராசரி. ஒட்டுக்குள் சுமை அப்படிச் சமமாகப் பரவுவதில்லை. இரு முனைகளிலும் குவிகிறது, நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. ஃபோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். ஒட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வலிமை இரட்டிப்பாகாததற்குக் காரணம் இதுதான். 1944இல் கோலண்டும் ரைஸ்னரும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டிய தகடுகளை இழுத்தால் அவை வளையும், முனைகள் உரிபடும். அலுமினியம் அந்த உரிப்பை ஓரளவு தாங்கும். நம் லேமினேட்டிலோ தடிமன் திசையில் இழையே கிடையாது, வெறும் பிசின்தான். அதனால் முனைகளைச் சரிவாகச் சீவு. ஓரத்தில் பிதுங்கிய பசையை அழகுக்காக வழித்து எடுத்துவிடாதே, அது சுமையைத் தணிக்கிறது. ஒட்டைத் தொடும் அடுக்கின் இழை சுமையின் திசையில் ஓடட்டும். குறுக்கே போட்டால் அந்த அடுக்கே பிளந்துகொள்ளும்.

மேற்பரப்புக்கு வருவோம். பெரும்பாலான ஒட்டுகள் கெடுவது இங்கேதான். லேமினேட்டின் மேல் படிந்திருக்கும் பீல் பிளைத் துணியை உரித்ததும் தெரியும் துணித்தடம் சுத்தமாகத்தான் தோன்றும். சில வகைத் துணிகள் தம்மேல் பூசிய விடுபொருளை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். உப்புத்தாளால் லேசாகத் தேய், இழை தெரியும் அளவுக்கு வேண்டாம். பனியன் வேஸ்டால் துடைக்காதே. அந்தத் துணியை மென்மையாக்கப் போட்ட சிலிக்கோன் உன் ஒட்டுக்குப் போய்ச் சேரும். தண்ணீர் தெளித்துப் பார்: முத்து முத்தாகத் திரண்டால் அழுக்கு இருக்கிறது, ஏடாகப் படிந்து நின்றால் சரி. பிறகு அடுப்பில் வைத்து நன்றாக உலர்த்து. லேமினேட் ஈரம் குடித்திருந்தால் பசை இறுகும் சூட்டில் அது ஆவியாகி ஒட்டுக்குள் குமிழி விடும்.

அல்ட்ராசோனிக்கில் பார்த்தோமே என்பாய். அது இடைவெளியைக் காட்டும். தொட்டுக்கொண்டிருந்தும் பிடிப்பில்லாத ஒட்டு அதன் கண்ணுக்கும் நல்ல ஒட்டாகவே தெரியும். ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்று பார்: 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் இறந்தார். அது அலுமினிய விமானம்தான். ஆனால் தகடுகள் சேரும் இடத்தில் பசை விட்டு, சுமையெல்லாம் ரிவெட் துளைகளின்மேல் விழுந்து, விரிசல்கள் அங்கே கிளம்பின.

இழைக்கலவை விமானங்களின் ஒட்டுகளுக்கு அமெரிக்க வழிகாட்டுதல் மூன்று வழி தருகிறது. ஒட்டு விட்டாலும் அது ஓர் அளவோடு நின்று மிச்சப் பாகம் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கலாம். ஒவ்வொரு பாகத்தையும் சுமையேற்றிச் சோதிக்கலாம். அல்லது ஒவ்வொரு ஒட்டின் வலிமையையும் உடைக்காமலே உறுதிசெய்யலாம். மூன்றாவது வழிக்கு நம்பகமான கருவி இன்னும் கைக்கு வரவில்லை. நல்ல ஒட்டுக்குப் பக்கத்திலேயே ரிவெட்டும் அடிக்கிறார்கள் என்றால் அதனால்தான்.

ஆகவே பதிவேடுதான் உனக்குச் சாட்சி. பசை கலந்த நேரம், விகிதம், அறையின் ஈரப்பதம், ஒட்டியவர் பெயர் எல்லாம் எழுது. கலந்த பசை கெட்டியாகத் தொடங்கிவிட்டால், விலை அதிகம், வீணாக்காதே என்று மேற்பார்வையாளர் முணுமுணுப்பார். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கல. கேட்டால் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்