கிளட்சை மிதிப்பது இப்போது சாப்ட்வேர்

உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரின் பவர் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கரண்ட் உடனே நிற்பதில்லை. விண்டோஸ் திறந்திருக்கும் புரோகிராம்களை மூடி, டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி முடித்த பிறகுதான் பெட்டி அணைகிறது. பழைய ஏடி வகை கேபினெட்டுகளில் இப்படி இல்லை. அந்த சுவிட்சுக்குள் வீட்டு மின்சாரமே நேராக ஓடியது. அழுத்தினால் கரண்ட் கட், அவ்வளவுதான். 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் முறையில் பட்டன் மதர்போர்டுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறது. அதாவது நாம் விண்ணப்பம் போடுகிறோம். மற்றதைச் சாப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது.

இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து கியர் கம்பியும் கிளட்ச் பெடலும் ஏன் மறைந்து வருகின்றன என்பதும் எளிதில் புரியும். கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்தக் காருக்குள் உங்கள் வீட்டில் இருப்பதைவிட அதிகமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன.

டிரைவிங் ஸ்கூலில் 'ஹாப் கிளட்ச்' பழகி, நாலு பேர் முன்னால் வண்டியை ஆப் செய்தவர்களுக்கு இது தெரியும். கிளட்ச் பெடலை மிதித்தால் இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரிகின்றன. கை கியரை மாற்றுகிறது. காலை எடுத்தால் இரண்டும் மறுபடி சேர்கின்றன. நடுவில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேகமாகப் போகும்போது தவறான கியரைப் போட்டால் இன்ஜின் தாறுமாறாகச் சுற்றிப் பழுதாகும். அதையும் யாரும் தடுக்க மாட்டார்கள். இது ஏடி சுவிட்ச் மாதிரி.

மாற்றம் பந்தயக் களத்தில்தான் தொடங்கியது. 1989 மார்ச்சில் பிரேசிலில் நடந்த பார்முலா 1 பந்தயத்துக்கு பெராரி நிறுவனம் '640' என்ற காரைக் கொண்டு வந்தது. வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட். கியர் கம்பியை எடுத்துவிட்டால் ஓட்டுநர் உட்காரும் இடத்தை இன்னும் குறுகலாக்கலாம் என்பது அவர் கணக்கு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரலால் இழுக்கும் பேடில்கள். ஒன்று கியரை ஏற்ற, மற்றது இறக்க. ஓட்டியவர் நைஜல் மான்செல். முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். பிறகு அதே ஆண்டில் அந்தக் கார் பல பந்தயங்களில் பாதியில் நின்றுபோனது வேறு கதை. முதல் வெர்ஷன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல!

1997-ல் பெராரி இதைச் சாலைக் காருக்குக் கொண்டு வந்தது. '355 எப்1' என்று பெயர். உள்ளே இருந்தது அதே மேனுவல் கியர் பாக்ஸ்தான். காலும் கையும் செய்த வேலையை ஆயில் பிரஷரில் இயங்கும் அமைப்பு செய்தது.

கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் பக்கத்தில் படித்த இன்புட், புராசஸ், அவுட்புட் இங்கே அப்படியே இருக்கிறது. பேடிலை இழுப்பது இன்புட். ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது, இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, சக்கரம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சென்சார்கள் சொல்வதும் இன்புட்தான். கியர் பாக்ஸுக்கான கன்ட்ரோல் யூனிட் இவற்றைக் கணக்குப் போடுகிறது. கிளட்சையும் கியரையும் நகர்த்தும் வால்வுகளுக்குப் போகும் மின்சாரம் அவுட்புட். இந்தச் சின்ன கம்ப்யூட்டர் தனியாகவும் வேலை செய்வதில்லை. 1986-ல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற நெட்வொர்க் முறையில், இரண்டே கம்பிகள் வழியாக இன்ஜினின் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. "கியர் மாற்றப்போகிறேன், கொஞ்சம் இழுவையைக் குறை" என்று இது கேட்க, அது குறைத்துக் கொடுக்கிறது.

ஒரே கிளட்ச் இருந்தவரை கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருந்தது. அதைத் தீர்த்தது டூயல் கிளட்ச். 1, 3, 5-வது கியர்கள் ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில். மூன்றாவது கியரில் போகும்போதே அடுத்து நீங்கள் கேட்கப்போவது நான்கா, இரண்டா என்று சாப்ட்வேர் ஊகித்து அதைத் தயாராக வைத்துவிடுகிறது. பேடிலை இழுத்ததும் ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் புரொசசரும் இப்படித்தான், புரோகிராம் அடுத்து எந்த வழியில் போகும் என்று ஊகித்து வேலையை முன்கூட்டியே தொடங்குகிறது. ஊகம் தப்பினால் இரண்டிலும் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். போர்ஷே 1980-களிலேயே தன் பந்தயக் கார்களில் இதைச் சோதித்தது. ஆனால் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது போக்ஸ்வேகன், 2003-ல், 'கோல்ப் ஆர்32' காரில். போர்ஷேயின் 911 காருக்கு 2008-ல்தான் வந்தது.

அதன்பின் மனிதக் கால் ஜெயிக்க வழியில்லை. 2021-ல் வந்த '911 ஜிடி3' காருக்கு போர்ஷே கொடுத்த கணக்கைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட டூயல் கிளட்சில் 3.4 விநாடி, மேனுவலில் 3.9 விநாடி. கார் ஒன்றுதான், அரை விநாடி நம் கை காலில் போகிறது. 2009-ல் வந்த பெராரி '458 இத்தாலியா', 2011-ல் வந்த லம்போர்கினி 'அவென்டடோர்', 2017-ல் வந்த பி.எம்.டபிள்யூ. 'எம்5' ஆகிய மூன்றிலும் மேனுவலே கிடையாது.

வேகம் மட்டும் காரணமல்ல. பி.எம்.டபிள்யூ. 2020-ல் காட்டிய 'எம்3' காரில் மேனுவல் மாடலின் இழுவிசை 550 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக் மட்டுமே கிடைத்த 'காம்பெட்டிஷன்' மாடலில் 650. டிராபிக்கில் முன்னால் போகும் கார் நின்றால் தானே நின்று, அது கிளம்பினால் தானே கிளம்பும் வசதி வேண்டுமென்றாலும் கிளட்ச் கம்ப்யூட்டரின் பிடியில் இருந்தாக வேண்டும்.

இழந்தது என்ன? அதிவேகத்தில் இரண்டாவது கியர் கேட்டு பேடிலை இழுத்துப் பாருங்கள். இன்ஜின் தாங்காது என்று கணக்குப் போட்டு, சாப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளாது. இது நல்லதுதான். ஆனால் பேட்டரி செத்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கன்ட்ரோல் யூனிட் கெட்டால் ஸ்பானர் பிடித்த மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேனரும் கம்பெனி சாப்ட்வேரும் வேண்டும். ஹேங் ஆன கம்ப்யூட்டரையாவது பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். இங்கே சாப்ட்வேரை மீறிக் கியர் போட வழியில்லை. சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே, எழுதியவனின் முடிவை மீற முடியாத பொருள் முழுக்க வாங்கியவருடையதா என்ற கேள்வி உண்டு.

வாங்குபவர்களுக்கும் அது இருந்திருக்க வேண்டும். 2013-ல் ஜிடி3 காரை டூயல் கிளட்சில் மட்டும் விற்ற போர்ஷே, 2016-ல் மேனுவல் மட்டுமே கொண்ட '911 ஆர்' காரை 991 எண்ணிக்கையில் செய்தது. 2017-ல் ஜிடி3-க்கும் மேனுவலை மீண்டும் கொடுத்தது. அரை விநாடி தாமதம் என்று தெரிந்தேதான் வாங்கினார்கள்.

இன்னும் வேடிக்கை, 2022-ல் ஸ்வீடனின் கோனிக்செக் காட்டிய 'சிசி850'. கியர் கம்பி உண்டு, கிளட்ச் பெடலும் உண்டு. ஆனால் இரண்டும் கியர் பாக்ஸோடு நேராக இணைக்கப்படவில்லை. கீபோர்டு, மவுஸ் போல வெறும் இன்புட் சாதனங்கள். வேண்டாமென்றால் அதே பெட்டி 9 கியர் ஆட்டோமேட்டிக்காக ஓடும். 2023-ல் வந்த ஹூண்டாயின் எலெக்ட்ரிக் கார் 'அயானிக் 5 என்' இதற்கும் ஒரு படி மேல். அதில் மாற்றுவதற்கு கியரே இல்லை. ஆனாலும் பேடிலை இழுத்தால் 8 கியர் இருப்பது போல மோட்டாரின் இழுவையைக் குறைத்துக் கூட்டி, குலுக்கலையும் ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தத்தையும் புரோகிராமே உண்டாக்குகிறது. பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் ஆப் செய்துகொள்ளலாம்.