கவிழ்ந்த லாரியை மீட்கும் தொழில்

கொங்கு நாட்டின் செல்வம் சக்கரங்களின்மேல் ஏறியே ஊர்விட்டு ஊர் செல்கின்றது. ஈரோட்டு மஞ்சளும், திருப்பூர்ப் பனியனும், நாமக்கல் முட்டையும், கோவைப் பம்புகளும் லாரியின்றி வெளிச்சந்தையைக் காணமாட்டா. சங்ககிரி லாரித் தொழிலுக்கும், நாமக்கல் லாரிக்குக் கூடு கட்டுவதற்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கும் பெயர் பெற்றவை. லாரி ஓட்டும் தொழிலை நம் மக்கள் நன்கறிவர். ஓடிய லாரி பழுதுற்று நின்றாலோ, பள்ளத்தில் இறங்கினாலோ, கவிழ்ந்தாலோ அதனை மீட்டுச் செல்லும் தொழிலை அறிந்தோர் சிலரே. 'ரெக்கவரி வண்டி' என்றும், 'கிரேன்' என்றும் மக்கள் வழங்கும் மீட்பு வண்டியை இயக்குவோரின் முறைகளை இங்குச் சுருக்கமாகக் காண்போம். விபத்து நிகழ்ந்த இடத்திற்கு முதலில் ஓடிவருவோர் அருகிலுள்ள கிராமத்தாரே ஆதலின், இத்தொழிலை மேற்கொள்ளாதவர்களும் இதனை அறிந்திருத்தல் நலம்.

தொழில் பிறந்த வரலாறு

அமெரிக்காவில் சட்டனூகா என்னும் நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர் மோட்டார்ப் பட்டறை நடத்தி வந்தார். ஒருமுறை, ஓடைக்குள் விழுந்த ஒரு காரைப் பலர் கூடிக் கயிறும் கப்பியும் கொண்டு நெடுநேரம் பாடுபட்டு வெளியேற்ற நேர்ந்தது. இதற்கு எளிய வழி காண எண்ணிய அவர், 1916-ஆம் ஆண்டில், 1913-ஆம் ஆண்டைச் சேர்ந்த காடிலாக் கார் ஒன்றின் சட்டத்தின்மேல் மூன்று கம்பங்களையும், கப்பியையும், சங்கிலியையும் பொருத்தினார். மீட்பு வண்டியின் தோற்றம் இதுவே.

அன்று மீட்கவேண்டியது சிறு கார். இன்றோ நம் சாலைகளில் செல்லும் பாரம் மிகப் பெரிது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடைக்கு இருந்த 25 டன் என்னும் வரம்பு 2018-ஆம் ஆண்டில் 28.5 டன்னாகவும், பெரிய இழுவை லாரிகளின் 49 டன் வரம்பு 55 டன்னாகவும் உயர்த்தப்பட்டன. இத்தகைய பாரத்தை ஆட்பலத்தால் அசைத்தல் இயலாது. கணக்கறிந்து செய்யும் வேலையே இங்குப் பயன் தரும்.

கவலையும் கப்பியும்

மின்சாரப் பம்பு வருமுன் நம் தோட்டங்களில் கவலை இறைத்ததைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிணற்றின் மேலிருந்த உருளை, எருதுகளின் இழுப்பைத் திசை மாற்றியதேயன்றிப் பாரத்தைக் குறைக்கவில்லை. ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் கப்பியின் இயல்பு அது. அதே கப்பியை மீட்கவேண்டிய லாரியில் மாட்டி, வடத்தை அதில் கோத்து, நுனியை மீண்டும் மீட்பு வண்டிக்கே கொண்டுவந்து கட்டினால், 10 டன் இழுக்கும் வின்ச் ஏறக்குறைய 20 டன் இழுக்கும். உராய்வினால் இதில் சிறிது குறையும், வேகமும் பாதியாகும். வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையைப் பெறுவதே இத்தொழிலின் அடிப்படை.

எவ்வளவு வலிமை தேவை என்பதையும் முன்னரே மதிப்பிடல் வேண்டும். சக்கரம் முழுதும் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, அவ்வண்டியின் முழு எடையளவு இழுவிசை தேவைப்படும் என்பது மீட்புப் பணியின் பொதுக்கணக்கு. ஆகவே, சேற்றில் இறங்கிய வண்டியைக் கண்டதும் வடத்தை மாட்டி இழுக்கத் தொடங்குவது அறியாமை. சக்கரத்தின் முன் மண்ணை வெட்டிச் சரிவு அமைத்தலும், பாரத்தை வேறு வண்டிக்கு மாற்றுதலும் முதலில் செய்யத்தக்கவை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சாலையோரப் புளியமரத்தில் கப்பியைக் கட்டி வடத்தை வந்த வழியே திருப்பினால், வடத்தில் 10 டன் இழுப்பு இருக்கும்போது மரத்தின்மேல் 20 டன் இழுப்பு விழும். வேர் தளர்ந்த மரமோ மின்கம்பமோ இதனைத் தாங்காது.

தூக்கிச் செல்லும்போதும் கணக்கு வேண்டும். பழுதுற்ற லாரியின் முன்பக்கத்தைத் தூக்குகையில், 5 டன் பாரம் மீட்பு வண்டியின் பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் விழுகிறது எனக் கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர் தூரமிருந்தால், மீட்பு வண்டியின் முன் அச்சு 2 டன் எடையை இழக்கும். முன் சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பின்னால் கனத்த மாட்டு வண்டியில் நுகத்தடி மேலெழுவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும்.

முட்டுக்கட்டையே முதற்கருவி

அவிநாசித் தேர் வீதியில் வரும்போது வடம் பிடிப்போர் பலராயினும், தேரை அடக்கி ஆள்பவர்கள் சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை போடுவோரே. மீட்புத் தொழிலிலும் இழுப்பதற்கு முன் நிறுத்தத் தெரிந்திருத்தல் வேண்டும்.

கனரக லாரிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகள் உள்ளன. காற்று வெளியேறிவிட்டால், வலிய சுருள்வில் விரிந்து பின் சக்கரங்களைப் பூட்டிவிடும். வண்டியை நகர்த்த வேண்டுமாயின், மீட்பு வண்டியிலிருந்து குழாய் மூலம் காற்றைச் செலுத்த வேண்டும். அல்லது திருகாணி கொண்டு அச்சுருளைச் சுருக்கி வைத்தல் வேண்டும். பிரேக்கு விடுபடும் அந்தக் கணமே பேராபத்தான கணம். சரிவில் நிற்கும் வண்டிக்கு முட்டுக்கட்டை போடாமலும், வடத்தில் பிடிப்பு ஏற்றாமலும் பிரேக்கை விடுவித்தால், அது எவர் கைக்கும் அகப்படாமல் உருண்டோடிவிடும். கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டையும் கழற்றிவிடுதல் வேண்டும். இன்றேல், எஞ்சின் ஓடாத நிலையில் கியர்ப் பெட்டியின் சக்கரங்கள் எண்ணெய் பெறாமல் சுழன்று கெடும்.

திம்பம் மலைப்பாதை

இத்தொழிலின் அருமையைத் திம்பத்தில் காணலாம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நீண்ட லாரி வளைவில் திரும்பும்போது, பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் வாராமல் உட்புறம் ஒடுங்கி வரும். சாலை குறுகலாதலின், ஒரு லாரி சிக்கினாலும் இருபுறமும் போக்குவரத்து நின்றுவிடும்.

மலைமேல் ஆசனூர், தாளவாடிப் பகுதி மக்கள் சத்தியமங்கலம் வர இதுவே வழி. பாதை அடைபட்டால் விளைந்த காய்கறி வழியிலேயே வாடும். பிரசவத்திற்குச் செல்லும் தாயும் காத்திருக்க நேரும். 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டினூடே செல்லும் இப்பாதையில், வன விலங்குகளைக் காக்கும்பொருட்டு, 2022-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்ற ஆணைப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இங்கு மீட்பு வண்டி ஓட்டுநர் ஒருவர் ஒழுங்காகச் செய்யும் ஒரு மணி நேர வேலை, லாரி உரிமையாளர் ஒருவருக்கு மட்டுமன்றி மலை ஊர்கள் அனைத்திற்கும் செய்யும் தொண்டாகும்.

மேம்பாலத்தில் கற்ற பாடம்

2025 ஜனவரி 3-ஆம் நாள் அதிகாலையில், கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயு ஏற்றிவந்த டாங்கர், இழுவை வண்டியிலிருந்து பிரிந்து கவிழ்ந்தது. எரிவாயு கசியலாயிற்று. போக்குவரத்து தடுக்கப்பட்டது, சுற்றிலும் அரை கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தீயணைப்புப் படையினர் தண்ணீரைப் பீய்ச்சினர். கசிவு அடைக்கப்பட்ட பின்னரே, கிரேன்கள் டாங்கரைத் தூக்கி நிமிர்த்தின. பல மணி நேரம் ஆயினும் ஊர் காப்பாற்றப்பட்டது. சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. தாழ்வான இடங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கி நிற்கும். அவசரப்பட்டு இரும்பு வடத்தை மாட்டி இழுத்திருப்பின், உராய்வில் எழும் ஒரு பொறி போதும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2017 ஜூன் 25-இல், பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே எண்ணெய் லாரி ஒன்று கவிழ்ந்தது. சிந்திய எண்ணெயைப் பாத்திரங்களில் அள்ளக் கிராமத்தார் திரண்டனர். தீப்பற்றி 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

1. முதலில் உயிரைக் காக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எரிவாயுக் கசிவுக்கு 1906 ஆகிய எண்களில் தெரிவிக்கலாம்.

2. அடிபட்டோர்க்கு உதவுவோரைச் சட்டம் காக்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே, வழக்குக்கு அஞ்சி ஒதுங்க வேண்டுவதில்லை.

3. டாங்கர் கவிழ்ந்தால் காற்று வீசிவரும் பக்கமாக விலகிச் செல்க. பீடி, அடுப்பு, வண்டியைக் கிளப்புதல் ஆகியவை கூடா. சிந்தியதை அள்ளுதல் ஒருபோதும் கூடாது.

4. வடம் இறுகி நிற்கும்போது அதனருகே நிற்கலாகாது. அதனைத் தாண்டவும் கூடாது. அறுந்த வடம் சாட்டைபோல் வீசி உயிரைக் குடிக்கும். வடத்தின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் நிற்பதே பாதுகாப்பு.

வாலிபர்களுக்கு ஒரு சொல்

இத்தொழிலில் ஈடுபட விரும்பும் வாலிபர்கள், இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே சரக்கு வண்டி ஓட்டப் பழகுநர் உரிமம் பெறலாம். வயதும் 20 நிரம்பியிருத்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பயிற்சி பெற்றவர்களுக்கு இது மிகவும் துணை செய்யும். ஆயினும், தேர்ந்த ஓட்டுநரிடம் உதவியாளாக இருந்து, வடத்தை ஆராயவும், முட்டுக்கட்டை போடவும் பழகுவதற்கு ஈடான பள்ளி வேறில்லை. வடத்தில் ஓர் இழை அறுந்திருப்பினும் அதனைக் கண்டறியும் கண் வேண்டும். பின்னால் வண்டிகள் காத்துக் கிடந்து ஹாரன் அடிப்பினும், 'இன்னும் கட்டவில்லை' என்று சொல்லும் உறுதியும் வேண்டும்.

நெடுஞ்சாலையோர ஊராட்சிகள், பக்கத்திலுள்ள மீட்பு வண்டி ஓட்டுநர்களை அழைத்து, கிராம சபைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் இவற்றைச் செய்து காட்டச் சொல்லலாம். செலவில்லாத இப்பாடம் பல உயிர்களைக் காக்கும். சாலை நம் ஊருக்கு வளத்தைக் கொண்டு வருகின்றது. அச்சாலையில் இடருற்றவர்க்கு அறிவோடு உதவும் கடமையும் நம்முடையதே.