தெரிந்து தேர்தல்

உரைநடை உலகம்

கற்பதற்குக் கருவி துணைசெய்யும். ஆயின் எல்லாக் கருவியும் எல்லார்க்கும் துணைசெய்வதில்லை. மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவரின் வீட்டில் இன்று எழும் வினாக்களுள் ஒன்று, 'படிப்பதற்குக் கைக்கணினி வாங்கலாமா? எதை வாங்கலாம்?' என்பது. விளம்பரமும் விலையும் இவ்வினாவுக்கு விரைந்து விடைசொல்ல முந்துகின்றன. ஆராய்ந்து விடைகாணும் வழியை இப்பாடம் காட்டுகிறது.

நெசவாளர் கேட்கும் முதல் வினா

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், முற்காலச் சோழரின் தலைநகரம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் 'அர்காரு' என்று குறிக்கும் ஊர், உறையூரே என்பது அறிஞர் கருத்து. அவ்வூரோடு சேர்த்து மென்பருத்தித் துணியையும் அந்நூல் சுட்டுகிறது. கைத்தறிச் சேலைக்கு உறையூர் இன்றும் பெயர்பெற்றது.

நூல் வாங்கப் புறப்படும் நெசவாளர் முதலில் எண்ணுவது விலையை அன்று. எதை நெய்யப் போகிறோம் என்பதையே. பருத்தி நூலுக்கு 'எண்' உண்டு. எண் கூடக்கூட இழை மெலியும்; விலையும் ஏறும். நூறாம் எண் நூல் உயர்ந்தது என்பதற்காக அதைக்கொண்டு யாரும் ஜமுக்காளம் நெய்வதில்லை. விலை மலிவு என்பதற்காகத் தடித்த நூலை மெல்லிய சேலைக்குப் பாவாகப் போடுவதும் இல்லை. நெய்யவேண்டிய துணியே நூலைத் தீர்மானிக்கிறது. கைக்கணினியைத் தேர்வதற்கும் இதுவே நெறி.

ஒரு வீடு, ஒரு வாய்ப்பு

உறையூரில் ஒரு தறிக்குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். மகள் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு. மகன் எட்டாம் வகுப்பு. வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி. தந்தை கூட்டுறவுச் சங்கத்திற்குப் போகும்போது அதுவும் அவருடன் போய்விடும். தீபாவளிக்குக் கிடைத்த போனசும் தாய் கட்டிவந்த சீட்டுப் பணமும் சேர்ந்து பதினாறாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. இந்தத் தொகை மீண்டும் சேர இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் பொதுத்தேர்வு முடிந்துவிடும். தேர்வு தவறினால் திருத்திக்கொள்ள இடமில்லை.

மெயின்கார்டு கேட் பகுதிக் கடையில் மூன்று கைக்கணினிகளைப் பார்த்துத் திரும்பிய மகள் கேட்கிறாள்: "அப்பா, மூன்றில் எது நல்லது?"

தந்தை பாவினைச் சரிசெய்தவாறே சொல்கிறார்: "எதற்கு நல்லது என்று முதலில் சொல்லம்மா. எது நல்லது என்று பிறகு பார்ப்போம்."

இந்த எளிய மறுமொழியைப் பெரிய திட்டங்களே மறந்ததுண்டு.

இரண்டு திட்டங்கள், ஒரே பிழை

2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் 'ஆகாஷ்' என்னும் கைக்கணினி அறிமுகம் செய்யப்பட்டது. இந்திய மாணவர் ஒவ்வொருவரும் வாங்கக்கூடிய மிகக் குறைந்த விலையில் கருவி தருவதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது. ஆயினும் விலையே முதல் அளவுகோலாயிற்று. 7 அங்குலத் திரை, அதுவும் விரல் பட்டவுடன் உணராமல், அழுத்தினால் மட்டுமே உணரும் வகை, 256 எம்.பி. நினைவகம், ஒரு பள்ளி நாள் முழுவதும் தாங்காத மின்கலம். படிக்க அமர்ந்தவருக்குப் பொறுமையே பாடமாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பர் 11 அன்று, திருத்திய திரையும் விரைவும் கொண்ட இரண்டாம் வடிவத்தை அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். எனினும் ஒவ்வொரு மாணவர் கைக்கும் சேரும் பெருந்திட்டமாக அது வளரவில்லை.

இதற்கு நேர்மாறானது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்ந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்ட அந்நகரப் பள்ளி மாவட்டம், 2013இல் அனைவருக்கும் ஐபேட் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. விலை உயர்ந்த, பெயர்பெற்ற கருவி அது. ஆனால், அதில் இடம்பெறவேண்டிய பாடமென்பொருள் முழுமையடைந்திருக்கவில்லை. தேர்வெழுதத் தேவைப்படும் விசைப்பலகைக்குத் தொடக்கத்தில் ஏற்பாடு செய்யப்படவில்லை. வழங்கிய சில நாள்களிலேயே மாணவர் பலர் பாதுகாப்புத் தடையை நீக்கி விரும்பிய தளங்களுக்குச் சென்றனர். 2014இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஒன்று மலிவை நம்பியது; மற்றொன்று மதிப்பை நம்பியது. 'மாணவர் இதைக்கொண்டு நாள்தோறும் என்ன செய்வார்?' என்னும் வினாவை இரண்டும் முதலில் வைக்கவில்லை.

தெரியுமா?
தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. 2025 மார்ச் 14 அன்று சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.

வேலையை எழுதுக, பிறகு கருவியைக் காண்க

தந்தையின் வினாவுக்கு விடையாக மகள் ஒரு தாளில் தன் வேலைகளை எழுதுகிறாள்: பாடநூலை மின்னூலாகப் படித்தல், பாட விளக்கக் காணொலி காணுதல், பழைய வினாத்தாளைப் பயிலுதல், தமிழில் சிறு கட்டுரை தட்டச்சு செய்தல். ஒவ்வொரு வரியும் கருவியின் ஓர் உறுப்பைத் தீர்மானிக்கிறது.

திரை: மின்னூல் படிக்கத் திரையின் பரப்பே முதன்மை. 8 அங்குலம், 10 அங்குலம் என்பவை மூலைவிட்ட அளவுகள். மூலைவிட்டத்தில் வேறுபாடு நான்கில் ஒரு பங்குதான். நீள அகல விகிதம் ஒன்றாக இருப்பின், பரப்பிலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். சிறிய திரையில் பாடநூலின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்தவேண்டும். வரைபடமும் விளக்கமும் ஒருசேரத் தெரியா. ஆகவே 10 அங்குலத்திற்குக் குறையாத திரை நன்று.

நினைவகம்: இருவகை நினைவகங்களைப் பிரித்தறிதல் வேண்டும். வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம் நெய்யும் இடம் போன்றது. சேமிப்பகம் நெய்ததை அடுக்கும் அலமாரி போன்றது. முன்னது 4 ஜி.பி.க்குக் குறைந்தால் செயலிகள் தடுமாறும். பின்னது 64 ஜி.பி. என எழுதியிருப்பினும் இயங்குதளமே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். நினைவக அட்டை செருகும் வசதி இருப்பின் காணொலிகளைச் சேமித்துவைக்கலாம்.

இணைப்பு: வைஃபை மட்டும் உள்ள கருவி விலை குறைவு. ஆனால், அந்த வீட்டில் இணையம் தருவது தந்தையின் திறன்பேசி ஒன்றே. அது வெளியே சென்றால் இணையமும் சென்றுவிடும். சிம் அட்டை ஏற்கும் கருவிக்கு விலையும் கூடும். மாதந்தோறும் கட்டணமும் சேரும். இரவில் தந்தை வந்தபின் வேண்டிய பாடங்களைப் பதிவிறக்கி, மறுநாள் இணையமின்றிப் படிப்பது மூன்றாம் வழி. மகள் அதையே தேர்கிறாள். மிச்சமாகும் பணத்தைச் சேமிப்பகத்துக்கு ஒதுக்குகிறாள்.

ஒலி: தறி ஓடும் வீட்டில் காணொலியின் குரல் கேளாது. காதணி ஒலிபெருக்கி செருகும் துளை இருக்கிறதா என்பதை அவள் மறவாமல் குறித்துக்கொள்கிறாள். விளம்பரம் எதுவும் சொல்லாத இத்தேவையை வீடு சொல்லிவிடுகிறது.

பேனா: திரையில் எழுதும் மின்பேனா கவர்ச்சி மிக்கது, ஆயினும் அது எல்லாக் கருவியிலும் இயங்காது. பொதுத்தேர்வு தாளில் எழுதப்படுவது. எனவே கணக்கைத் தாளில் போட்டுப் பழகுவதே தக்க பயிற்சி. அந்தச் செலவை விலக்கலாம்.

ஆயுள்: பன்னிரண்டாம் வகுப்போடு கருவியின் வேலை முடிவதில்லை, கல்லூரிக்கும் தம்பிக்கும் அது தொடரவேண்டும். ஆகவே இயங்குதளத்திற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும், பழுது பார்க்கும் மையம் திருச்சிராப்பள்ளியிலேயே உள்ளதா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். உறை, கண்ணாடிக் காப்பு ஆகியவற்றின் செலவையும் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்ள வேண்டும். கருவியின் விலை வேறு. கருவிக்காகும் செலவு வேறு.

வேலைப் பட்டியல் மாறினால் முடிவும் மாறும். கணினி அறிவியல் பயிலும் மாணவர் சி++, பைத்தான் நிரல்களை எழுதிப் பழகவேண்டும். அவருக்கு விசைப்பலகை உடைய மடிக்கணினியே ஏற்றது. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் மாவட்ட மைய நூலகமும் தேவையை நிறைவு செய்யுமானால், வாங்காமல் இருப்பதும் நல்ல தேர்வே.

தெரிந்து தெளிவோம்
தமிழில் தட்டச்சு செய்வதற்குத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு 'தமிழ்99'. வாங்கும் முன் கருவியில் இவ்வமைப்பைக்கொண்டு சில வரிகள் தட்டச்சு செய்து பார்த்தல் நன்று.

தாளும் திரையும்

திரை வந்ததும் நூலை ஒதுக்குதல் தகாது. தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை 2018இல் வெளியாயிற்று. அவ்வாய்வுகளில் 1,70,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருந்தனர். குறித்த நேரத்திற்குள் தகவல் சார்ந்த பகுதியைப் படிக்கும்போது, தாளில் படித்தவரே கூடுதலாகப் புரிந்துகொண்டனர் என்பது அதன் முடிவு. ஆழ்ந்து படிக்க நூல். காணவும் கேட்கவும் தேடவும் திரை என வகுத்துக்கொள்வது பொருந்தும். பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள விரைவுக் குறியீடும் அந்த இரண்டையும் இணைக்கும் பாலமே.

கண்ணுக்கு ஓய்வும் வேண்டும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 நொடி நோக்குமாறு கண் மருத்துவர் அறிவுறுத்துவர். உறங்கும் வேளையில் கருவி படுக்கையை விட்டு விலகியிருத்தல் நலம்.

திருக்குறள் 'தெரிந்துதெளிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்துத் 'தெரிந்துவினையாடல்' என்னும் அதிகாரத்தை வைக்கிறது. தக்காரை ஆராய்ந்து தெளிவதும் அவரவர்க்கு ஏற்ற வினையில் அமர்த்துவதும் அரசர்க்குச் சொன்ன நெறி. ஆளுக்குச் சொன்னது கருவிக்கும் பொருந்தும்.

மூன்று கைக்கணினிகளுள் இடைப்பட்ட விலையுள்ளதை மகள் சுட்டுகிறாள். தந்தை அவளது தாளை வாங்கி வரிவரியாகப் படிக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு காரணம் எழுதியிருக்கிறது. அவர் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். அவர் நம்பிக் கொடுத்தது கருவிக்காக மட்டும் அன்று, அந்தத் தாளுக்காகவும்தான்.

சொல்லும் பொருளும்
பாவு – தறியில் நீளவாட்டில் அமையும் இழை
ஜமுக்காளம் – தரையில் விரிக்கும் தடித்த விரிப்பு

இலக்கணக் குறிப்பு
மென்பருத்தி, பெருந்திட்டம் – பண்புத்தொகைகள்
தாங்காத மின்கலம் – எதிர்மறைப் பெயரெச்சம்

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஒரு வாரப் படிப்பில் கணினிக் கருவி தேவைப்படும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தேவையான கூறினை எதிரே எழுதுக.
2. 'மேல்நிலை மாணவர்க்கு ஏற்றது கைக்கணினியா, மடிக்கணினியா?' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக
நூலின் எண் கூடும்போது இழை
அ) தடிக்கும் ஆ) மெலியும் இ) நீளும் ஈ) மாறாது

குறுவினா
'கருவியின் விலை வேறு. கருவிக்காகும் செலவு வேறு' – விளக்குக.

சிறுவினா
ஆகாஷ் திட்டமும் லாஸ் ஏஞ்சல்ஸ் திட்டமும் உணர்த்தும் பொதுவான படிப்பினை யாது?

நெடுவினா
'நெய்யவேண்டிய துணியே நூலைத் தீர்மானிக்கிறது' – இக்கருத்தைக் கைக்கணினித் தேர்வோடு பொருத்தி எழுதுக.