அரைவட்டமும் கூர்முனையும்

ரோமனெஸ்க் என்று ஒரு பாணி, கோதிக் என்று மற்றொரு பாணி. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைத்தே நாம் படிக்கிறோம். ஒன்று மறைந்த மறுநாள் மற்றொன்று பிறந்ததா? இல்லை. இரண்டும் கைகோத்து நிற்கும் இடங்கள் உண்டு. இங்கிலாந்தின் காண்டர்பரித் தேவாலயம் அவற்றுள் ஒன்று.

முதலில் அடிப்படையை அறிவோம். அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி. அகலம் மாறினால் உயரமும் மாறியாக வேண்டும். கூர்முனை வளைவுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. குறுகிய இடைவெளியிலும் வேண்டிய உயரத்திற்கு எழும். சுவரை வெளியே தள்ளும் விசையும் அதில் குறைவு. கூரையின் பாரத்தைக் கல் வரம்புகள் ஏந்தித் தூண்களில் சேர்க்க, சுவர் மெலிந்தது, சாளரம் விரிந்தது, ஒளி உள்ளே புகுந்தது.

1174 செப்டம்பர் 5ஆம் நாள் காண்டர்பரியின் பாடகர் மண்டபம் எரிந்தது. பழைய தூண்களைச் செப்பனிடலாம் என்றனர் சில கொத்தர். இடித்தே தீரவேண்டும் என்றனர் வேறு சிலர். துறவிகள் தேர்ந்தெடுத்தது பிரான்சு நாட்டுச் சான்ஸ் நகர வில்லியத்தை. அவர் பல நாள் ஆராய்ந்தார். இடிக்க வேண்டும் என்பதை உடனே சொல்லவில்லை. துயருற்றோர் மனம் தேறிய பின்னரே சொன்னார். கலைஞனுக்குக் கல்லை அறிந்தால் மட்டும் போதாது!

நிலவறையையும் வெளிச்சுவர்களையும் அவர் காத்தார். அங்கே அரைவட்டம் இன்றும் ஆள்கிறது. உள்ளே புதிய தூண்கள் ஏறத்தாழ 12 அடி கூடுதலாக உயர்ந்தன. கூர்முனை வளைவுகள் எழுந்தன. நேரில் கண்ட துறவி செர்வாசு பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எழுதிவைத்தார்: முன்பு கோடரியால் செதுக்கிய எளிய வேலை, இப்போது உளியின் நுண்மை.

1178இல் சாரம் சரிந்து, சுமார் 50 அடி உயரத்திலிருந்து வில்லியம் வீழ்ந்தார். படுக்கையில் கிடந்தபடியே சிறிது காலம் பணியை நடத்தினார்; முடியாமல் தாயகம் திரும்பினார். அதே பெயருடைய ஆங்கிலேயர் ஒருவர் தொடர்ந்து, 1184இல் பணியை நிறைவு செய்தார்.

ஆகவே நண்பர்களே, பாணிகளின் பெயர்கள் பின்னால் வந்தவர்கள் இட்டவை. அன்று அங்கே இருந்தவை எரிந்த கல்லும், மிஞ்சிய சுவரும், அவற்றோடு புதியதை இசைக்கத் தெரிந்த கைகளுமே.