தராசு சொல்லாததை நாடா சொல்லும்

பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் நிறை அளந்து முடிந்ததும் நாம் ஒருவரையொருவர் கேட்பது, "எத்தனை கிலோ?" என்பதுதான். இதயத்தின் நலத்தை அறிய அந்த எண் மட்டும் போதுமா?

கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடற்திணிவுச் சுட்டி. இக்கணிப்பின் மூலம் பெல்ஜிய அறிஞர் கெட்லே 1832இல் கண்ட தொடர்பாகும். அவர் தேடியது நோயை அன்று, சராசரி மனிதனை. வளர்ந்தோரின் எல்லைகள் நமக்குப் பொருந்தா. 5 முதல் 19 வயது வரை, வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற உலக சுகாதார நிறுவன அட்டவணையையே பார்க்க வேண்டும்.

17 வயதான இரு மாணவியரை எடுத்துக்கொள்வோம். இருவரும் 160 சென்ரிமீற்றர் உயரம், 64 கிலோகிராம் நிறை. சுட்டி இருவருக்கும் 25. அட்டவணைப்படி இருவருமே அதிக நிறையுடையோர். ஆனால் ஒருவர் வலைப்பந்தாட்ட வீராங்கனை. இடைச் சுற்றளவு 70 சென்ரிமீற்றர். மற்றவருக்கு 86. தசையையும் கொழுப்பையும் தராசு பிரித்தறியாது.

கொழுப்பு தங்கும் இடமே முக்கியம். பருவமடையும்போது பெண்களின் இடுப்பிலும் தொடையிலும் தோலின் கீழ் கொழுப்புச் சேர்வது இயற்கை. வயிற்றுள் குடலைச் சூழ்ந்து படியும் கொழுப்போ வேறுவிதமானது. அதிலிருந்து வெளியாகும் கொழுப்பமிலங்கள் ஈரல் வாயினாளத்தினூடாக நேரே ஈரலை அடைகின்றன. இன்சுலினின் செயற்பாடு குன்றுகிறது. குருதியில் குளுக்கோசும் முக்கிளிசரைட்டும் உயர்கின்றன. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழி இவ்வாறே திறக்கிறது. ஒரே சுட்டியுள்ள ஐரோப்பியரை விடத் தெற்காசியரான நமக்கு உடற்கொழுப்பு பொதுவாக அதிகம். எனவே மெலிந்த தோற்றமும் முழுப் பாதுகாப்பன்று.

கொழுப்பைத் துல்லியமாக அளக்க எக்ஸ் கதிர்க் கருவிகள் உண்டு. வீட்டில் ஓர் அளவு நாடா போதும். நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். இயல்பாக மூச்சை வெளியேற்றிய பின் அளவெடுங்கள். அது உயரத்தின் அரைப்பங்கை விடக் குறைவாக இருத்தல் நன்று. மேற்கூறிய இருவருக்கும் எல்லை 80.

எல்லையைத் தாண்டினால் அது நோயென்று பொருளல்ல. குருதியமுக்கம், குளுக்கோசு, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேட்பதற்கான காரணம், அவ்வளவே. சகோதரிகளே, காலை உணவைத் தவிர்த்துப் பட்டினி கிடக்காதீர்கள். வளரும் எலும்புக்கும் குருதிக்கும் அது கேடு. இனிப்புப் பானங்களைக் குறைத்து, நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடலை அசையுங்கள். தோழியின் நிறையைக் கேலி செய்யாதீர்கள். அவளது இதயத்தைப் பற்றி அந்த எண்ணால் உங்களுக்கு எதுவும் தெரிந்துவிடாது.